சிவப்புப் பட்டன் இல்லாத பெட்டி

கல்லணையைத் தாண்டினால் காவிரி எத்தனையோ கிளையாகப் பிரிகிறது. அத்தனை கிளைகளின் இரு கரையிலும் வீடு வீடாகத் தேடினாலும், தன்னைத் தேடி வந்த வாடிக்கையாளரை ஸ்டார்ட்டர் என்கிற அந்த மனிதர் அளவுக்கு அவமானப்படுத்தும் இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார். இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்ல நான் தயார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அவர் பட்டறை இருக்கிற தஞ்சாவூர்க் கீழவாசலில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவரும் வழி சொல்ல மாட்டார்கள். பம்புசெட் கொட்டகைச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி மாட்டியிருப்பார்களே, பச்சையை அழுத்தினால் மோட்டார் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும், அந்த ஸ்டார்ட்டர் பெட்டி செய்வதும் பழுது பார்ப்பதும்தான் அவர் தொழில். அதனால் ஸ்டார்ட்டர். என் வயதுதான் இருக்கும். ஆனால் அவர் முன்னால் போய் நின்றால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வந்தவன் மாதிரிதான் நிற்பேன்.

நான் போனது மோட்டாருக்காக இல்லை. எனக்கு வயலும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலை. ஒரே ஒரு கெட்ட பழக்கம், திரையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிற சண்டை கேம் விளையாடுவது. முப்பத்தைந்து வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டி ராசிபலனுக்குப் போய்விடலாம்.

என் பிரச்சினை என் மச்சினன். சென்னையில் வேலை. பொங்கலுக்குப் பொங்கல் மன்னார்குடியில் என் மாமனார் வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு வருவான். ஸ்டிக் என்றால் சும்மா குச்சி இல்லை. மடியில் வைத்துக்கொள்கிற பெட்டி. இடது கைக்கு ஆளை நகர்த்தும் லீவர், வலது கைக்கு அடிக்கவும் உதைக்கவும் பட்டன்கள். அதை வைத்துக்கொண்டு மூன்று பொங்கல் என்னை அடித்தான். சாப்பிட்டுவிட்டுக் கரும்பு கடித்துக்கொண்டு மாமியார் வீட்டு ஜனம் மொத்தமும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அடித்தான். மூன்றாவது வருஷம் என் மனைவி எனக்கு ஆறுதல் சொன்னாள். அடிபட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த ஆறுதலைப் பொறுக்க முடியவில்லை. நாலாவது பொங்கலில் ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூன்று மாதம் படித்தேன். எந்த விஷயமாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் இறங்குவேன், நூலகக்காரன் இல்லையா. லீவர் ஆடுகிற ஓட்டை சதுரமாக இருக்க வேண்டுமா, எட்டு மூலையாக இருக்க வேண்டுமா? பட்டன்களை நேர் வரிசையில் வைப்பதா, விரல்களுக்கு ஏற்ற மாதிரி வளைத்து வைப்பதா? ஆறு பட்டனா, எட்டு பட்டனா? உலகத்தில் ஜெயிக்கிறவர்கள் எல்லாம் சதுர ஓட்டை, வளைந்த வரிசை, எட்டு பட்டன் என்று முடிவுக்கு வந்தேன். காகிதத்தில் அளவோடு வரைந்து, கலர் அடித்து எடுத்துக்கொண்டு கீழவாசல் போனேன். தஞ்சாவூரில் இதைச் செய்யத் தெரிந்தவர் ஸ்டார்ட்டர் ஒருவர்தான் என்று ஊரே சொன்னது.

ஊர் இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஹாஸ்டல் மாணவன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஸ்டிக்கை, லீவர் இறுகுகிறது என்று அவரிடம் கொடுத்திருக்கிறான். லீவர் வெண்ணெய் மாதிரி ஆகித் திரும்பி வந்தது. கூடவே, எட்டு பட்டனில் இரண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டையை எம்சீல் போட்டு அடைத்திருந்தார். ஏன் என்று அவன் அழாத குறையாகக் கேட்டதற்கு, அந்த இரண்டிலும் தூசி அப்படியே இருந்தது, நீ தொட்டதே இல்லை, தொடாத பட்டன் எதற்கு என்றாராம். 

தரங்கம்பாடிப் பக்கத்துப் பல் டாக்டரம்மா ஒருவர். ஞாயிற்றுக்கிழமை லுத்தரன் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். அவர் கேட்டது அழகான ஒரு லீவர். இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு முடிகிற வரைக்கும் அந்தம்மாவின் கையையே பார்த்துவிட்டு வந்து, லீவரே இல்லாமல் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். மேலே கீழே இடம் வலம் எல்லாமே பட்டன். டாக்டரம்மா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வந்து நன்றி சொன்னாராம். அப்படி நன்றி சொல்லிச் சொல்லித்தான் இந்த ஆளைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரியாமல் நான் என் கலர் காகிதத்தை நீட்டினேன். ஸ்டார்ட்டர் அதை வாங்கி, இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினார். மேஜை ஆடுவது நின்றது. அதற்காகத்தான் மூன்று மாதம் படித்தேன் போலிருக்கிறது.

"சாப்டீங்களா சார்?" என்றார்.

மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்து இல்லை என்றேன். பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் எனக்கு ஒரு சாப்பாடு சொன்னார். அவர் சாப்பிடவில்லை. எதிரில் உட்கார்ந்து என் வலது கையையே பார்த்தார். சாம்பாரில் பார்த்தார், ரசத்தில் பார்த்தார், மோரில் குனிந்து பார்த்தார். பரிமாறுகிறவரும் நின்று பார்க்க ஆரம்பித்தார். அப்பளத்தை உடைக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. கை கழுவி வந்ததும் தீர்ப்பு சொன்னார்.

"சுண்டுவிரல் உங்களுக்கு வேலையே செய்யல சார். அது பாட்டுக்கு ஆகாசத்துல நிக்குது. உங்களுக்கு எட்டு பட்டன் வேணாம். ஆறு போதும்."

நாற்பது பேர் சாப்பிடுகிற இடத்தில், ஒரு மனிதனின் சுண்டுவிரலைப் பற்றி இப்படிப் பேசலாமா? நான் காபி குடிக்கும்போதும் அந்த விரல் தூக்கிக்கொண்டுதான் நிற்கும் என்று என் மனைவி கேலி செய்வாள். அவள் செய்யலாம். இவர் யார்?

அத்தோடு விட்டாரா? லீவருக்காக என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்து, பழைய பஸ் ஸ்டாண்டை மூன்று சுற்றுச் சுற்ற வைத்தார். நான் எந்தத் திருப்பத்திலும் வெடுக்கென்று ஒடிப்பதில்லையாம், வாத்து ஓட்டுகிறவர் மாதிரி பதமாக வளைக்கிறேனாம். அதனால் சதுர ஓட்டை எனக்கு ஆகாது, மூலையில் போய் முட்டி நிற்பேன், எட்டு மூலைதான் சரி என்றார். உலகமே சதுரத்தில் ஜெயிக்கிறது என்றேன். உலகத்தை ஒருநாள் வண்டி ஓட்டச் சொல்லுங்கள், பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார்.

கொடுமைக்கெல்லாம் சிகரம் களிமண். பட்டன் எங்கெங்கே வர வேண்டும் என்று பார்க்க அவர் வைத்திருந்த முறை அது. அலுமினியத் தட்டு நிறைய வாய்க்கால் களிமண்ணைக் குழைத்து வைத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு, களைத்துப் போய்க் கையைக் கீழே போடுகிற மாதிரி அதில் போட வேண்டும். விரல்கள் தாமாக எங்கே விழுகின்றனவோ அங்கேதான் பட்டன். நான் கையைப் போட்டேன். அதே நேரத்தில் அவர் போன் அடித்தது. அம்மாப்பேட்டைப் பக்கம் ஒருவர் வயலில் மோட்டார் எடுக்கவில்லை, சம்பாப் பயிர் காய்கிறது, மும்முனை கரண்ட் போவதற்குள் வர வேண்டும் என்றார்கள்.

"கைய எடுத்துராதீங்க சார், இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

இரண்டு மணி நேரம். நான் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. நடுவில் என் மனைவி போன் செய்தாள். இடது கையால் எடுத்து, களிமண்ணில் கை வைத்துக்கொண்டு இருக்கிறேன் என்றேன். தலையெழுத்து, வரும்போது தயிர் வாங்கி வாருங்கள் என்று வைத்துவிட்டாள். ஸ்டார்ட்டர் திரும்பி வந்தபோது மண் காய்ந்து என் கையைக் கவ்விக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றிப் பிரித்தெடுத்துவிட்டு, அச்சைப் பார்த்து, பரவாயில்லையே, ஆடாமல் வைத்திருக்கிறீர்களே என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பெட்டி தயார். அசல் பம்புசெட் பெட்டி. சாம்பல் பெயின்ட் அடித்த கனத்த இரும்புத் தகடு, ஓரத்தில் கீல், மூடியில் மண்டையோடு போட்ட 'அபாயம்' தகடு. அந்தத் தகடு எதற்கு என்றேன். பெட்டி என்றால் அது இருக்கும் என்றார். சரி, தொலையட்டும். ஆறு பட்டனும் என் விரல் விழும் இடத்தில் கச்சிதமாக இருந்தன, அதை மறுக்க மாட்டேன். லீவர் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் நட்ட நடுவில், காளான் குடை மாதிரிப் பெரிதாக ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது.

இது என்ன என்று கேட்டேன். நிறுத்துகிற பட்டன் என்றார். அழுத்தினால் கேம் அப்படியே நின்றுவிடும். சண்டை கேம் ஆடுகிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஆட்டத்தின் நடுவில் எவன் நிறுத்துகிறானோ, அவனுக்கு அந்த ரவுண்டு போச்சு. கை தவறிப் பட்டாலும் போச்சு. அதனால்தான் மற்ற ஸ்டிக்கில் எல்லாம் அந்தப் பட்டனைக் குட்டியாக, ஓரத்தில், கண்ணிலேயே படாத இடத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். இதைப் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப சட்டம் தப்பு சார்" என்றார்.

சட்டம் தப்போ சரியோ, என் மச்சினன் அந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பான், இதை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஓரத்திலாவது தள்ளி வையுங்கள் என்றேன். கண்ணால் தேடாமல் கை போய் அடிக்கிற இடத்தில்தான் அது இருக்க வேண்டும் என்றார். கோபமாகக் கேட்டுப் பார்த்தேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"நிறுத்தற பட்டன் இல்லாத பெட்டி என் கைய விட்டு வெளிய போவாது சார். வேணும்னா வெச்சிட்டுப் போங்க."

நாலாவது பொங்கல் தலைக்கு மேல் நிற்கிறது. வேறு வழி? தூக்கிக்கொண்டு வந்தேன்.

மாமியார் வீட்டில் மண்டையோட்டைப் பார்த்ததும், அந்தச் சாமானை டிவி பக்கத்தில் கொண்டு போகக் கூடாது, கரண்ட் பாயும் என்று மாமியார் வழியை மறித்தார். அதில் கரண்டே இல்லை என்று என் மனைவி அரை மணி நேரம் சமாதானம் செய்தாள். மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. கையில் வாங்கி ஆறு பட்டனிலும் விரல் வைத்துப் பார்த்தான். "யாரு மாமா செஞ்சது?" என்றான். அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு சின்னக் கலக்கம் தெரிந்தது.

மாட்டுப் பொங்கல் மத்தியானம் உட்கார்ந்தோம். முதல் ரவுண்டு நான் ஜெயித்தேன். அடி ஒவ்வொன்றும் நினைத்த இடத்தில் விழுந்தது. என் வலது கை இவ்வளவு கெட்டிக்காரக் கை என்று எனக்கே தெரியாது. இரண்டாவது ரவுண்டு அவனுக்கு. மூன்றாவதில் அவனுக்கு ஒரு நூல் அளவு உயிர்தான் மிச்சம், எனக்குப் பாதி இருந்தது. ஓர் அடி போதும். கரும்பு கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. இந்த விளையாட்டை ஜென்மத்தில் ஏறெடுத்துப் பார்க்காத என் மாமனார், அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "அடிங்க மாப்ள" என்றார்.

அடித்தேன். சந்தோஷத்தில் முழுக் கையாலும் அடித்தேன். உள்ளங்கை நேராக நடுவில் போய் இறங்கியது.

திரை அப்படியே நின்றது. என் ஆள் காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நின்றான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மச்சினன்தான் மெதுவாக, கிட்டத்தட்ட வருத்தமாகச் சொன்னான்.

"மாமா, நிறுத்திட்டீங்க."

நாலாவது பொங்கலும் போயிற்று. மாமனார் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவி ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தாள், நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காணும் பொங்கல். பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு அம்மாப்பேட்டைக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஸ்டார்ட்டரின் ஊருக்கு நேராகப் போனேன். வழி முழுக்கப் பேச வேண்டியதை மனதில் வரிசையாக அடுக்கினேன். மெஸ், களிமண், மண்டையோடு, சிவப்பு, எதையும் விடுவதாக இல்லை. அறுவடைக்கு நிற்கிற வயல்களுக்கு நடுவில் நான் மட்டும் உரக்கப் பேசிக்கொண்டு போனதை இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்டார்ட்டர் வீட்டில் இல்லை. பக்கத்துத் தெருவில் யாருக்கோ மோட்டார் மக்கர் என்று போயிருந்தார். வாட்டசாட்டமான ஒருவர் கதவைத் திறந்து, நான் அந்தப் பெட்டியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே வாங்க, அவன் வருகிற வரைக்கும் ஒரு ஆட்டம் போடலாம் என்றார். ஸ்டார்ட்டரின் அண்ணன். டிவிக்கு முன்னால் துருப்பிடித்த பழைய பெட்டி ஒன்று இருந்தது. ஸ்டார்ட்டர் முதல் முதலாகச் செய்த பெட்டி அதுதானாம். அதன் பட்டன்கள் எந்த வரிசையிலும் இல்லை. மூன்று ஓரிடத்தில் நெருங்கி இருந்தன, மூன்று கீழே உள்ளங்கைப் பக்கம் சிதறிக் கிடந்தன. நடுவில் அதே சிவப்புக் காளான்.

அண்ணன் வலது கையை அதன் மேல் வைத்தபோதுதான் பார்த்தேன். இரண்டு விரல் இல்லை. மிச்சமிருந்த மூன்றும் மூன்று பட்டனில் போய் உட்கார்ந்தன. மற்றதை உள்ளங்கை ஓரத்தால் தட்டினார். மூன்று ஆட்டத்திலும் என்னைத் துவைத்துக் காயப்போட்டார்.

கேட்கக் கூடாது என்று இருந்தேன். என் கண் அங்கேயே போனதைப் பார்த்து அவரே சொன்னார்.

"மோட்டார் பெல்ட்டுல துண்டு மாட்டி கைய இழுத்துருச்சு சார். தம்பிக்கு அப்ப பதினாறு வயசு. ஓடிப்போயி செவப்ப அழுத்துனான். நிக்கல."

அவ்வளவுதான் சொன்னார். கொட்டகையில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டி பழசு, உள்ளே துருப்பிடித்து அந்தப் பட்டன் செத்துப் போயிருந்தது என்பது, நான் நடுவில் இருந்த சிவப்பைத் தொட்டதைப் பார்த்துச் சேர்த்துச் சொன்னது. பிறகு, இன்னொரு ஆட்டம் போடலாமா என்றார்.

ஸ்டார்ட்டர் கையில் கிரீஸோடு உள்ளே வந்தார். வழி முழுக்க நான் அடுக்கி வைத்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஆட்டத்தின் நடுவில் கை சிவப்பில் பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன். ஜெயித்தீர்களா, தோற்றீர்களா, மாமனார் என்ன சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை அந்த மனிதர்.

"நின்னுச்சா சார்?"

"நின்னுச்சு."

"உடனேயா?"

"உடனே நின்னுச்சு."

அப்பாடா என்று தரையில் உட்கார்ந்து, உள்ளே பார்த்து டீ கேட்டார். என் நாலாவது பொங்கலைக் குட்டிச்சுவராக்கிவிட்டு, நான் ஏதோ நல்ல சேதி கொண்டுவந்த மாதிரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். விஷயத்தை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? அவர் சொல்ல மாட்டார். மெஸ்ஸில் என் சுண்டுவிரலைப் பற்றி நாற்பது பேர் கேட்கப் பேசத் தெரியும், இதைச் சொல்லத் தெரியாது. இந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை, தீரப் போவதும் இல்லை.

ஸ்டார்ட்டர் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார், அங்கேயும் கரண்ட் பெட்டி வேலைதான். அங்கே இருக்கிறவர்களை என்ன பாடு படுத்துகிறாரோ தெரியாது. மாதம் ஒருமுறை போனில் ஒரு செய்தி வரும். நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. சிவப்பு வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டிருப்பார். இன்னொரு ஹாஸ்டல் மாணவன், கொடுங்கள் சார், பத்தே நிமிஷத்தில் அந்தச் சிவப்பைக் கழற்றித் தருகிறேன் என்றான். அவன் மேல் எனக்கு ஏன் அவ்வளவு எரிச்சல் வந்தது என்று தெரியவில்லை, பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் பொங்கல்கள் வந்தன, அதே சிவப்பால் இன்னும் ஒரு தடவை தோற்றேன். இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன் நடுவில் இருக்கிற அந்தக் காளானை ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறேன். மச்சினன் காத்திருக்கிறான். திரை நிற்கிறது. போனை எடுத்து, "நின்னுச்சு" என்று சிங்கப்பூருக்கு ஒரு செய்தி போட்டுவிட்டுத்தான் விளையாட உட்காருகிறேன்.